கெடு முடிந்த பிறகு வந்த நோய்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம், ஆரஞ்ச் நகரம். கடிகார முகப்பில் இருட்டிலும் ஒளிரும் ரேடியம் சாயத்தைப் பூசிய இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று தொழிற்சாலையிலேயே கற்றுக்கொடுத்திருந்தார்கள். முதல் உலகப்போர்க் காலத்து வேலை அது. பலன் தெரியச் சில ஆண்டுகள் பிடித்தது. பல் விழுந்தது, தாடை எலும்பு செத்தது, நடை தளர்ந்தது. கால்சியத்தைப் போலவே ரேடியமும் எலும்பில் போய்த் தங்கிவிடும். அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும்.

'ரேடியம் பெண்கள்' கதையை விஞ்ஞானத்தின் அறியாமை என்று சொல்வது வழக்கம். வழக்குக் கட்டுகளைப் பார்த்தால் அது கெடுவின் கதை.

நியூ ஜெர்சியில் நட்டஈட்டு வழக்குப் போட 2 ஆண்டுதான் அவகாசம். சாயம் பூசிய பெண்களில் ஒருவரான கிரேஸ் ஃப்ரையர் வேலையை விட்டது 1920-ல். வழக்கை எடுக்க ஒரு வழக்கறிஞர் கிடைக்கவே நெடுநாள் ஆனது. 1927-ல் இளம் வழக்கறிஞர் ரேமண்ட் பெர்ரி வழக்குத் தொடுத்ததும், தொழிற்சாலையை நடத்திய யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் நிறுவனம் 'கெடு எப்போதோ முடிந்துவிட்டது' என்றது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் கைகொடுக்கவில்லை. இந்தப் பெண்கள் வேலை செய்த காலத்தில் அதன் தொழில்நோய்ப் பட்டியலில் ரேடியம் இல்லை. 1926-ல் சேர்த்தபோதும் ரேடியத்தால் எலும்பு செத்துப்போகும் நிலையை மட்டுமே சேர்த்தார்கள்.

பெர்ரி விடவில்லை. உடம்புக்குள் இருக்கும் ரேடியம் ஒவ்வொரு கணமும் புதிதாகக் காயப்படுத்துகிறது, காரணம் தெரியாதவர்களுக்குக் கெடு எப்படி ஓடும் என்று வாதாடினார். தெரியவிடாமல் செய்ததில் நிறுவனத்துக்கும் பங்கிருந்தது. ஹார்வர்டின் செசில் டிரிங்கர் தொழிற்சாலையை ஆராய்ந்து ஆபத்து என்று எழுதிக்கொடுத்தார். மாநிலத் தொழிலாளர் துறைக்கோ, பெண்கள் நலமாக இருப்பதாகத் திரித்த அறிக்கையை நிறுவனம் அனுப்பியது. பொய் சொல்லி நேரத்தைக் கழித்துவிட்டு, நேரம் கழிந்துவிட்டதே என்று வாதாடுவதற்கு என்ன பெயர்?

வழக்கு தள்ளிவைக்கப்பட்டபோது பத்திரிகைகள் கொதித்தன. 1928 ஜூனில், நீதிபதி வில்லியம் கிளார்க்கின் சமரச முயற்சியில் வழக்குத் தொடுத்த, கிரேஸ் உள்ளிட்ட ஐந்து பெண்களுக்கும் தலா 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர் உதவித்தொகை, மருத்துவச் செலவு என்று முடிவானது. நோய் தொடர்கிறதா என்று மூன்று மருத்துவர்கள் அவ்வப்போது சோதிப்பார்கள். நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. சமரசம் என்பதால் சட்டக் கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. 1935-ல் அதே கிளார்க் முன் வந்த இன்னொரு வழக்கில், 1931-ல் இறந்த தொழிலாளியின் கணவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அங்கும் கெடுவே குறுக்கே நின்றது.

இலினாய் மாநிலம் ஒட்டாவாவில் சிக்கல் வேறு விதம். அங்கும் கடிகார முகப்புக்கு ரேடியம் பூசவைத்த ரேடியம் டயல் நிறுவனத்துக்குக் காப்பீடே இல்லை. காப்பீட்டுக்குப் பதிலாக மாநிலத் தொழில் ஆணையத்திடம் கட்டிவைத்த 10,000 டாலர்தான் நோயாளிகள் அனைவருக்குமான கையிருப்பு. நிறுவனமோ நியூ யார்க்குக்குப் போய்விட்டது. 1935-ல் மாநில உச்ச நீதிமன்றம், பழைய தொழில்நோய்ச் சட்டம் தெளிவற்றது என்று சொல்லி ஒரு பெண்ணின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. புதிய சட்டம் வந்தபின், எழுந்து உட்காரவே முடியாத முன்னாள் தொழிலாளி கேத்தரின் டோனஹியூ, 1938-ல் தன் வீட்டில் படுத்தபடியே ஆணையத்துக்குச் சாட்சி சொல்லி வென்றார். அந்த ஜூலையிலேயே இறந்தார். நிறுவனம் மேல்முறையீடு செய்துகொண்டே போனது. 1939-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்த பிறகே தீர்ப்பு நிலைத்தது.

மெதுவாக முற்றும் தொழில்நோய்க்குக் கெடு எப்போது தொடங்குகிறது என்ற கேள்வி, சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்ட ஒரு ரயில்வே தொழிலாளியின் வழக்கில் அதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1949-ல் தீர்ப்பானது: தூசியைச் சுவாசித்த நாளிலிருந்து அல்ல, நோய் வெளிப்பட்ட நாளிலிருந்து. பெர்ரி 22 ஆண்டுகளுக்கு முன் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.