சான்றிதழும் சாவியும் ஒரே கோப்பில்

வங்கியின் இணையதளத்தைத் திறந்ததும் அதன் சர்வர் தன் அடையாளச் சான்றிதழை உலாவியிடம் காட்டுகிறது. தளத்தின் பெயர், பொதுச்சாவி, காலாவதி நாள், சான்றளித்த நிறுவனத்தின் கையொப்பம் எல்லாம் அதில் உண்டு. இதன் உள்ளமைப்பை வகுத்த எக்ஸ்.509 தரம் 1988இல் வெளியானது.

இத்தகைய கோப்புகளை நோட்பேடில் திறந்தால், சில எழுத்துக் குவியலாகத் தெரியும். சில புரியாத குறிகளாகச் சிதறும். உள்ளடக்கம் ஒன்றுதான். இரண்டாவது, டி.இ.ஆர். என்ற பைனரி வடிவம். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் வகையையும் நீளத்தையும் பைட்டுகளில் குறித்துவிடும். ஒரு தகவலை ஒரே விதமாகத்தான் எழுதலாம் என்பது இதன் விதி. ஒரு பைட் மாறினாலும் கையொப்பம் பொருந்தாதே! முதலாவதான பெம், அதே பைட்டுகளை மின்னஞ்சலில் சிதையாமல் அனுப்ப எழுத்துகளாக்கியது. அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

சான்றிதழை ஊரறியக் காட்டலாம். ஆனால் அதிலுள்ள பொதுச்சாவியின் ஜோடியான தனிச்சாவி களவுபோனால், திருடியவர் அந்தத் தளமாகவே வேடமிடலாம். இரண்டையும் சேர்த்துப் பாஸ்வேர்டால் பூட்டும் பைனரி கோப்புதான் பிகேசிஎஸ் 12. மைக்ரோசாஃப்டின் பி.எஃப்.எக்ஸ். வடிவத்திலிருந்து வளர்ந்தது, பி.எஃப்.எக்ஸ். என்ற பெயரே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தனக்கென ஜே.கே.எஸ். வடிவத்தை வைத்திருந்த ஜாவாவும், 2017இல் வந்த 9ஆம் பதிப்பில் இதற்கே மாறியது.

பழைய பிகேசிஎஸ் 12 கோப்புகளில் சான்றிதழ்ப் பகுதியைப் பெரும்பாலும் 40 பிட் சாவியால்தான் பூட்டினார்கள். 1990களில் வலுவான மறையாக்கத்தை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா விதித்திருந்த தடையின் எச்சம் அது. 40 பிட் என்றால் ஏறக்குறைய 1.1 லட்சம் கோடி சாவிகள். இன்றைய கணினிக்கு அது பெரிய வேலையே இல்லை. இத்தகைய கோப்புகளை உருவாக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின், 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பு இதைக் கைவிட்டு, 256 பிட் ஏ.இ.எஸ். முறையை இயல்பாக்கியது.

அவசியமான மாற்றம்தான். ஆனால் விண்டோஸ் சர்வர் 2016 போன்ற பழைய அமைப்புகளுக்குப் புதிய பூட்டு புரியவில்லை. சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் ‘தவறு’ என்றே சொல்லும். நிர்வாகிகள் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து நொந்துபோகிறார்கள். பழைய முறையில் கோப்பை மறுபடி உருவாக்கினால் திறந்துவிடும். ஆனால் சர்வரில் ஏற்றிய கையோடு அந்தப் பலவீனமான நகலை அழித்துவிட வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பவே கூடாது.

இந்திய ஆடிட்டர்கள் வருமான வரிக் கணக்குகளில் மின்கையொப்பமிடப் பயன்படுத்தும் யுஎஸ்பி டோக்கனில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. தனிச்சாவி டோக்கனுக்குள்ளேயே தங்கி, கையொப்பத்தை மட்டும் வெளியே தருகிறது.