செரெட்சேயும் ரூத்தும்

செரோவே, போட்ஸ்வானா | 1948–1966

இந்த ஊரின் பொதுமன்றத்துக்கு ‘கோட்லா’ என்று பெயர். 1949 ஜூனில் ஆயிரக்கணக்கான பமாங்வாட்டோ மக்கள் இங்கே திரண்டார்கள். லண்டனில் சட்டம் படித்த அவர்களுடைய பட்டத்து வாரிசு செரெட்சே காமா, 1948 செப்டம்பரில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்திருந்தார். போர்க்காலத்தில் விமானப்படையின் மகளிர் பிரிவில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் ரூத். அவருடைய தந்தையும், செரெட்சேயின் சித்தப்பா ட்செகெடியும் இந்தத் திருமணத்தை எதிர்த்தார்கள்.

மனைவியோடு தன்னை ஏற்பவர்கள் எழுந்து நிற்கட்டும் என்று செரெட்சே மன்றத்தில் கேட்டார். கூட்டமே எழுந்தது. மறுத்தவர்கள் சுமார் 40 பேர்தான்.

ஆனால் ஆட்சி பிரிட்டன் கையில் இருந்தது. அதே ஆண்டு கலப்பு மணத்தைச் சட்டத்தால் தடைசெய்த தென்னாப்பிரிக்கா, செரெட்சே தலைவராவதை எதிர்த்தது. அந்த நாட்டின் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்குத் தேவைப்பட்டன. செரெட்சே ஆளத் தகுதியுள்ளவர் என்று ஒப்புக்கொண்ட விசாரணை அறிக்கையை பிரிட்டன் வெளியிடாமல் வைத்துக்கொண்டது. 1950இல் பேச்சுவார்த்தைக்கு லண்டன் சென்ற செரெட்சேயை ஊர் திரும்பவிடாமல் தடுத்தது. கருவுற்றிருந்த ரூத் அப்போது செரோவேயில் இருந்தார்.

தலைமைப் பட்டத்தைத் துறந்த பிறகே, 1956இல் இருவரும் சாதாரணக் குடிமக்களாக இங்கே வாழ முடிந்தது. பட்டத்தை இழந்தவரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1966 செப்டம்பர் 30 அன்று, விடுதலை பெற்ற போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவரானார் செரெட்சே. தேசியக் கொடியின் நடுவில் வெள்ளை ஓரமிட்ட கறுப்புப் பட்டை ஓடுகிறது. எல்லா நிறத்தவரும் இணைந்து வாழும் நாடு இது என்பதே அதன் பொருள்.