களஞ்சியம் அமையுமிடம்

பண்டங்களைச் சேர்த்துவைத்துப் பல ஊர்களுக்கும் பகிர்ந்தனுப்பும் வணிக நிறுவனங்கள் தம் களஞ்சியங்களுக்கு எங்ஙனம் இடந்தெரிகின்றன? வணிகத்துறை புகுந்துள்ள நம் பழைய மாணவர் சிலர் இதனைப் பன்னூல் கற்று அறிந்திருப்பர். முரசுமோட்டையை நன்கு பார்த்தவர்க்கு அந்நூல்களிற் பாதி தேவைப்படாது.

பரந்தனிலே கண்டி வீதியினின்றும் பிரிந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதியிலுள்ளது இவ்வூர். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்கள் சூழ்ந்தது. காலபோக அறுவடை சில கிழமைகளுள் முடிந்துவிடும். உண்பதோ ஆண்டு முழுவதும். இவ்விடைவெளியை நிரப்புவதே களஞ்சியத்தின் தொழில்.

அது வயலருகே நிற்பதா, உண்போர் அருகே நிற்பதா? பக்குவப்படுத்துகையில் எடை குறையும் பொருள், தான் விளையுமிடத்துக்கே ஆலையை ஈர்க்கும் என 1909 இல் அல்பிரட் வேபர் என்னும் ஜெர்மானியர் விளக்கினார். நூறு கிலோ நெல் ஏறத்தாழ 65 கிலோ அரிசியே தரும். நெல்லாகவே யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினால், உமிக்கும் தவிட்டுக்கும் லொறிக்கூலி கொடுத்தவராவோம். ஆகவே நெற்களஞ்சியமும் ஆலையும் வயற்புறத்துக்கே உரியன. கொழும்பிலிருந்து வரும் சீனி, சவர்க்காரம் முதலியவற்றின் எடை குறைவதில்லை. அவை வீதிகள் பிரியுமிடத்தில், கடைகளுக்கு அணித்தாகத் தங்குவதே நன்று. அவ்வகையிற் பரந்தன் சந்தி வாய்ப்பானது: வடக்கே ஆனையிறவு, கிழக்கே முல்லைத்தீவு, தெற்கே வவுனியா. 1990 இல் நின்றுபோன புகையிரத சேவை 2014 இல் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது. ஆயினும் குறுந்தூரத்துக்கு ஏற்றி இறக்குங் கூலியே புகையிரதத்தின் ஆதாயத்தை விழுங்கிவிடும்.

ஊருக்கொரு களஞ்சியம் வைத்தாலென்ன? ஓரிடத்தில் 100 மூடை அவசர இருப்புப் போதுமாயின், அதே வாணிபத்தை நான்கிடங்களிற் பிரித்தால் ஏறத்தாழ 200 மூடை வேண்டும். ஓரூரின் மிகுதேவையை மற்றோரூரின் குறைதேவை ஈடுசெய்யும் வாய்ப்பு அங்கே இழக்கப்படுகின்றது.

இக்கணக்கிலே நிறுவனத்தின் செலவு மட்டுமே எழுதப்படுகின்றது. களஞ்சியம் தொலைவிலிருப்பின் களத்திலிருந்து அதுவரையுள்ள கூலி கமக்காரன் தலையில் விழுகின்றது. நெல்லைச் சேமிக்க ஈரப்பதன் 14 வீதமளவுக்கு இறங்கவேண்டும். உலரவிட இடமில்லாதவன் வயல்வரம்பிலேயே வந்த விலைக்கு விற்றுவிடுகின்றான். விலை ஏறும்போது நெல் அவன் கையிலில்லை. எனவே உலர்தளமில்லாத களஞ்சியத்தை வயலருகே கட்டுவது அரைவேலையே என்பது என் கருத்து.

நிலமும் நோக்கற்பாலது. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. களஞ்சியத்தின் தளத்தை லொறித்தட்டின் உயரத்துக்கு எழுப்பினால், மூடை ஏற்றுதலும் எளிதாகும்; நெல்லும் நனையாது.