குளவி அடைத்த குழாய்

துவிச்சக்கரவண்டியில் விரைந்து செல்கையில் காற்று முகத்தில் மோதுவதை நாம் அறிவோம். வேகம் கூடக்கூட மோதலும் கூடுகின்றது. சிறிய விமானத்தின் கதிகாட்டி இவ்வெளிய உண்மையைக் கொண்டே இயங்குகின்றது. நால்வர் அமரக்கூடிய செஸ்னா 172 விமானத்தின் இடது இறக்கையின் கீழே, முன்னோக்கிய சிறு குழாயொன்று உண்டு. அதன் பெயர் பீற்றோ குழாய். 1732ஆம் ஆண்டில் சேன் நதியின் நீரோட்டத்தை அளந்த ஹென்றி பீற்றோ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளரின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது.

விமானத்தின் பக்கவாட்டில் இன்னொரு நுண்ணிய துவாரம் உண்டு. காற்று நேரே மோதாத அவ்விடத்திற் சூழவுள்ள வளியின் அமுக்கம் மாத்திரமே உட்புகும். குழாயின் அமுக்கத்துக்கும் துவாரத்தின் அமுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டையே கதிகாட்டி கதியாகக் காட்டுகின்றது. உயரங்காட்டியும், ஏறும் இறங்கும் வீதத்தைக் காட்டும் கருவியும் துவாரத்தை மாத்திரமே நம்பியிருப்பவை.

இக்குழாய் குளவிக்கு நல்ல வீடு! வாயும் நீர் வடியும் துளையும் மண்ணால் அடைபட்டால், உள்ளிருக்கும் வளி சிறைப்பட்டுவிடும். விமானம் மேலேற வெளியமுக்கம் குறையும்; வேறுபாடு பெருகும்; கதி கூடுவதாக முள் காட்டும். அதை நம்பும் விமானி கதியைக் குறைக்க எண்ணி முகப்பை மேலும் உயர்த்துவார். மெய்யாகவோ கதி தேய்ந்துகொண்டிருக்கும். ஈற்றில் இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் வலுவை இழந்துவிடும். முள் அசையாது கிடந்தாலாவது ஐயம் பிறந்திருக்கும். நம்பத்தக்க பொய்யே இங்கு ஆளைக் கொல்கின்றது.

துவாரம் அடைபட்டால் மூன்று கருவிகளும் ஒருங்கே பொய்க்கும். பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 1996 ஒக்டோபர் 2ஆம் திகதி இரவு, பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து புறப்பட்ட போயிங் 757 விமானம் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 70 பேரும் மாண்டனர். விமானத்தைத் துப்புரவு செய்தபோது துவாரங்களின்மேல் ஒட்டிய நாடாவை அகற்ற மறந்தமையே காரணம். கண்ணுக்கு எட்டாத இருளில், தாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதையே விமானிகளால் அறிய முடியவில்லை.

பழுதைத் தேடுவோருக்கு முதற் குறிப்பு இதிலேயே கிடைக்கின்றது. கதிகாட்டி மாத்திரம் பிழைத்தால் குழாயை ஐயுறுக. மூன்றும் பிழைத்தால் துவாரத்தை நோக்குக. பல சிறு விமானங்களில், அறையினுள்ளிருக்கும் அமுக்கத்தைக் கருவிகளுக்குத் திருப்பிவிடும் மாற்றுவழி ஒன்று உண்டு. அப்போது உயரங்காட்டி சற்றுக் கூடுதலாகவே காட்டும். ஆயினும் உயிர் தப்ப அது போதும்.

தரித்து நிற்கும் விமானத்தின் குழாய்க்கு உறையிட்டு, மறவாதிருக்கச் செந்நாடா ஒன்றைத் தொங்கவிடுவர். பறக்குமுன் உறையைக் கழற்றிக் குழாயையும் துவாரத்தையும் கண்ணாற் பார்ப்பர். ஓடுபாதையில் வேகமெடுக்கையில் கதிகாட்டியின் முள் எழவில்லையாயின், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அடைபட்ட எதையும் வாயால் ஊதிப் பார்ப்பது நம்மவர் வழக்கம். அடுப்பங்கரையில் அது செல்லும், இங்கே செல்லாது. கருவியினுள் இருக்கும் மெல்லிய உலோகப் பைகள் அவ்வூதலாலேயே பழுதுபடக்கூடும். பயிற்சி பெற்ற பொறிவல்லுநர் முதலிற் கருவிகளைக் குழாய்வழியிலிருந்து கழற்றிவிட்டு, உள்ளிருந்து வெளிநோக்கிக் காற்றைச் செலுத்தி அடைப்பை நீக்குவார். மீண்டும் பூட்டியபின், எங்கேனும் காற்றுக் கசிகின்றதா எனச் சோதித்த பின்னரே விமானத்தைக் கையளிப்பார்.