முதலில் சீட், பிறகு சலுகையா? காலேஜ் அட்வான்ஸ் கட்டும் முன் கணக்குப் பாருங்கள்!

சென்னை:

பிளஸ்-2 பரீட்சை முடிந்ததும் தியாகராயநகரில் இரண்டு கூட்டம் கிளம்பிவிடும். ஒன்று, ரங்கநாதன் தெருவில் துணிமணி எடுக்க வரும் கூட்டம். இன்னொன்று, அதே தெருவில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைக்குக் காலேஜ் சீட் தேடி அலையும் பெற்றோர் கூட்டம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏப்ரல் வாக்கிலேயே நுழைவுத் தேர்வைத் தொடங்கிவிடுகின்றன. பிளஸ்-2 ரிசல்ட் வருவது மே மாதம். அரசின் என்ஜினீயரிங் கவுன்சிலிங் சூடு பிடிப்பதோ ஜூலையில்தான். இந்த இடைவெளியில்தான் பெற்றோர் மாட்டிக்கொள்கிறார்கள்.

"இன்னிக்கே பணம் கட்டிடுங்க. நாளைக்கு வந்தா சீட் இருக்காது" என்று பேச்சு கிளம்பும். பயந்துபோன குடும்பம் நகையை பேங்கில் வைத்து அட்வான்ஸ் கட்டிவிடும். ஸ்காலர்ஷிப், லோன் எல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடப்படும்.

அந்த "அப்புறம்"தான் ஆபத்து!

எது கைநழுவும்?

குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்குத் தமிழக அரசின் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது. ஜாதி பார்ப்பது கிடையாது. வருமான வரம்பும் கிடையாது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது என்பதே முக்கிய விதி.

ஆனால் ஒரு முடிச்சு உண்டு. அரசு கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால்தான் இந்தச் சலுகை. கவுன்சிலிங்கில் தனியார் காலேஜ் கிடைத்தாலும் உண்டு. அதே காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இல்லை. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்களில் ஒருவனுக்குச் சலுகை, இன்னொருவனுக்கு முழுக் கட்டணம்!

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று அந்த ஆண்டு அறிவிக்கப்பட்டது. இதுவும் கவுன்சிலிங் வழியாகத்தான்.

ஆக, ஏப்ரலில் அவசரப்பட்டு வெளியே சேர்ந்துவிட்டவர், ஜூலையில் இலவசமாகவே கிடைத்திருக்கக்கூடிய படிப்பைக் கைவிட்டவர் ஆகலாம்.

கட்டிய பணம் திரும்புமா?

"கட்டினது கட்டினதுதான்" என்று சொன்னால் நம்பி வந்துவிட வேண்டாம். 2024-25-ம் ஆண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு போட்ட உத்தரவின்படி, செப்டம்பர் 30-க்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அக்டோபர் 31 வரை விலகியவர்களிடம் அதிகபட்சம் ரூ.1,000 மட்டுமே பிடிக்கலாம். இந்தத் தேதிகள் அந்தந்த ஆண்டு அறிவிக்கப்படுபவை. டி.சி., மார்க் ஷீட் அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது.

ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் உதவாது. நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது.

லோன் கணக்கு

பேங்குகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ரூ.4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. ஆனால் வட்டி படிக்கும்போதே ஓடத் தொடங்கும். 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ரூ.4 லட்சத்துக்கு வருடம் ரூ.40 ஆயிரம் வட்டி. மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், ரூ.8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் எல்லா காலேஜுக்கும் கிடையாது. பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களுக்கு மட்டுமே. பணம் கட்டும் முன் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவிலும் இதே சிக்கல்

கடல் கடந்து படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் இந்த வலை உண்டு. "ஏர்லி டிசிஷன்" என்ற முறையில் நவம்பரில் ஒரே ஒரு காலேஜுக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். டிசம்பரில் சீட் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை வாபஸ் வாங்க வேண்டும். நான்கு காலேஜ்களின் உதவித் தொகையை ஒப்பிட்டுப் பேரம் பேச வழியில்லை. கேட்ட உதவி போதாமல் படிக்கவே முடியாது என்றால் மட்டும் விலகிக்கொள்ளலாம். அதற்கும் உதவி விண்ணப்பத்தை முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

வருமானச் சான்றிதழ், ஜாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிடலாம். வேறு இடத்தில் அட்வான்ஸ் கட்டியிருந்தாலும் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்துவிட வேண்டும்.

ஏழை மாணவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. நடிகர் சூர்யா 2006-ல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை இதே தி.நகரில்தான் இயங்குகிறது. அதன் "விதை" திட்டம் 2010 முதல் அரசுப் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைக்கிறது. இங்கும் நேரத்தோடு மனுப் போட்டால்தான் உண்டு.

பணம் கட்டப் போகும்போது கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இது கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா? நாலு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பும்?

பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு நகையை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகலாம்.