மீன்தொட்டிக்கு எந்த மிதவை வால்வு?



போன அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது நம் ஆய்வகத் தொட்டியில் 11 கப்பி மீன்களில் 8 செத்து மிதந்தன. தரையெல்லாம் தண்ணீர். ஏன் என்று ஆளுக்கொரு கதை சொன்னீர்கள். (பூனை வந்துச்சு என்று கூட ஒருத்தன் சொன்னான்!) பூனை இல்லை, நான்தான். தண்ணீர் வற்றினால் தானாக நிரம்பட்டும் என்று ஒரு மிதவை வால்வு மாட்டிவிட்டுப் போனேன். அது எங்கே தப்பாச்சு, இந்த முறை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்க் குழப்பம். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஹார்டுவேர் கடைக்குப் போய் "அண்ணா, பால் வால்வு குடுங்க" என்றேன். கைப்பிடி வைத்த, திருகி மூடுகிற சமாச்சாரத்தை எடுத்து வைத்தார். மிதக்கிற பந்து வைத்தது வேண்டுமென்றால் "பால்காக்" என்றோ "ஃப்ளோட் வால்வு" என்றோ கேட்க வேண்டுமாம். நம் வீட்டு மாடி டேங்கிலும் ஃப்ளஷ் டேங்கிலும் இருப்பது இதுதான். தண்ணீர் ஏறினால் பந்து மேலே போகும், அதன் கம்பி ஒரு ரப்பர் வாஷரைத் தள்ளி ஓட்டையை அடைக்கும். தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும், ஓட்டை திறக்கும். கரண்டு வேண்டாம்.

போன முறை நான் வாங்கியது ஏர் கூலரில் போடுகிற வால்வு. அதை நேராக மாடி டேங்க் குழாயில் இணைத்தேன். கிளம்பும்போது லேசாகக் கசிந்தது. சரியாகிவிடும் என்று விட்டேன். ஆகவில்லை. ஏன் ஆகாது என்பதற்கு நம் இயற்பியல் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. மாடி டேங்க் ஆய்வக மேஜையிலிருந்து சுமார் 8 மீட்டர் உயரம். 10 மீட்டர் நீருக்கு ஒரு சதுர செ.மீ.யில் 1 கிலோ அழுத்தம், அப்படியானால் இங்கே 0.8 கிலோ. வால்வின் ஓட்டையை அளந்தேன், 6 மி.மீ. விட்டம், அதாவது 0.28 சதுர செ.மீ. பெருக்கினால் தண்ணீர் வாஷரைத் தள்ளுவது சுமார் 225 கிராம் எடை அளவுக்கு. பந்தோ எலுமிச்சை அளவு. முழுசாக மூழ்கினாலும் 40 கிராம்தான் மேலே தள்ளும். நெம்புகோல் அதை 3 மடங்கு ஆக்கினாலும் 120 கிராம். 120-ஆல் 225-ஐ எப்படி அடைக்க முடியும்?

தொட்டி வழிந்தது மட்டும் என்றால் மீன் பிழைத்திருக்கும். விடுமுறையில் மாடி டேங்கைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். அது நல்ல விஷயம்தான், ஆனால் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். என் வால்வு அந்தத் தண்ணீரை இரவும் பகலும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

இந்த முறை வால்வைப் பார்க்கும் முன் தொட்டியை அளந்தேன். நீளம் 60, அகலம் 30 செ.மீ. 1 செ.மீ. தண்ணீர் என்பது 1.8 லிட்டர். கண்ணாடியில் கோடு போட்டுப் பார்த்ததில் இரண்டு நாளில் 1 செ.மீ. வற்றுகிறது, நாளைக்கு 0.9 லிட்டர். காலாண்டு விடுமுறை 9 நாளுக்கு 8 லிட்டர் போதும். தொட்டியின் மேலே 5 செ.மீ. காலி விட்டால் அங்கே 9 லிட்டர் பிடிக்கும். அதனால் குழாயே வேண்டாம், 8 லிட்டர் மட்டும் நிரப்பிய ஒரு கேன் போதும். வால்வு முழுசாகக் கெட்டுப் போனாலும் ஒரு சொட்டு வெளியே வராது. கேனை அரை மீட்டர் உயர அலமாரியில் வைத்தால் வாஷரைத் தள்ளும் பாரம் 14 கிராம்தான். சின்னப் பந்தே அடைத்துவிடும்.

வால்வு, ஆர்.ஓ. மெஷினில் வரும் கால் இஞ்ச் டியூப் வகை. ஓட்டை சிறியது, தண்ணீர் மெதுவாகத்தான் வரும், நமக்கு அதுதான் வேண்டும். பித்தளை வேண்டாம். பித்தளையில் தாமிரம் இருக்கிறது, நத்தைக்கும் இறாலுக்கும் அது விஷம். அப்பா சிப்காட்டில் பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை செய்கிறார். "பிளாஸ்டிக்ல குறை ஒண்ணும் இல்லடா, வாஷரைப் பாரு. வாய்ல வச்சு ஊதிப் பார்த்து வாங்கு" என்றார். கடையில் நான்கு வால்வை ஊதினேன், ஒன்றில் காற்று கசிந்தது. (கடைக்கார அண்ணன் முறைத்தார்.) இன்னொரு தொல்லை நத்தை. கம்பியில் ஏறி உட்கார்ந்தால் பந்து ஏறாது. அதனால் வெட்டிய தண்ணீர் பாட்டிலில் துளை போட்டு வால்வைச் சுற்றிக் கவிழ்த்திருக்கிறேன்.

கேனில் என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு போகாது. நம் தொட்டியில் 45 லிட்டர். நாளைக்கு 0.9 லிட்டர் போர் தண்ணீர் விட்டால் 50 நாளில் இன்னொரு 45 லிட்டர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து, இரண்டு மடங்கு ஆகிவிடும். நம் பக்கம், அதுவும் மீஞ்சூர் பக்கம், கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பதால் போர் தண்ணீர் ஏற்கனவே உப்பு. பழவேற்காடு ஏரியை நினைத்துப் பாருங்கள். கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் ஏரி வற்ற வற்ற உப்பு ஏறும். மழைக்காலத்தில் ஆரணி ஆறு நன்னீர் கொண்டு வந்தால் இறங்கும். நம் தொட்டிக்கு ஆரணி ஆறு கிடையாது, ஆர்.ஓ. தண்ணீர்தான் ஆறு. அதனால் கேனில் ஆர்.ஓ. தண்ணீர். குழாய்த் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றலாம். ஆனாலும் பள்ளி நாட்களில் வாரம் ஒரு வாளி பழைய தண்ணீரை எடுத்து மாற்றத்தான் வேண்டும். கழிவையும் சேர்ந்த உப்பையும் எந்த வால்வும் வெளியே எடுக்காது.

சாப்பாடு? பெரிய கப்பிகள் ஒரு வாரம் பத்து நாள் தாங்கும். குட்டிகளை அறிவியல் சார் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். அன்று பிழைத்த 3 மீனில் 2 பெண், இப்போது எல்லாம் சேர்த்து 19 இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை மதியம் கேனை மாட்டுகிறோம். அதற்கு முன்னால் வால்வைக் கழற்றிவிட்டு 8 லிட்டரையும் ஒரே மூச்சில் தொட்டியில் விட்டுப் பார்க்கப் போகிறேன். என் கணக்கு தப்பாக இருந்தால் துடைக்க 10-ஆ பசங்க பழைய துணியோடு வரவும்.

— மாணவன், 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு