திணை வழுவும் வகை வழுவும்

உலகத்துப் பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாக வகுத்து, திணைக்கேற்ற வினையே சொல்லோடு இயைதல் வேண்டும் என்று வரையறுத்தார் தொல்காப்பியனார். 'பசு வந்தான்' என்பது வழு. உவகை மிகுதியால் பசுவை 'என் அம்மை வந்தாள்' என்பது வழுவமைதி. காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படாத வழு, வழுவேயாம். இவ்விலக்கண நெறி கணினிச் செய்நிரல் எழுதுவார்க்கும் இன்றியமையாதது என்பதைச் சிறிது ஆராய்வாம்.

இணையத்தளங்களை இயக்கும் மொழிகளுள் ஒன்று பி.எச்.பி. இது, ராஸ்மஸ் லேர்டோர்ப் என்பார் தம் சொந்த இணையப் பக்கத்தின் பொருட்டு 1994இல் எழுதத் தொடங்கி, 1995இல் வெளியிட்ட கருவித் தொகுதியினின்றும் வளர்ந்தது. இம்மொழியில் மாறியின் வகையை முன்னரே கூறவேண்டுவதில்லை. நிறைவெண், தசமவெண், சரம், பூலியன், வெறுமை முதலியவற்றுள் எது இடப்படுகின்றதோ அதுவே அப்போதைக்கு மாறியின் வகையாகும். வேறுபட்ட வகைகள் கூடுமிடத்து மொழி தானே ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளும். படிவத்தில் நாம் தட்டச்சிடும் 60 என்பது எண்ணாகவன்றிச் சரமாகவே வந்துசேரும்; எனினும் அதனோடு 10ஐக் கூட்டின் 70 கிடைக்கும். இது பயனுள்ள வழுவமைதி.

பயனற்ற வழுவும் உண்டு. பன்விலப் பகுதியில் அடைமழை நாள்களில், தோட்டத்திலிருந்து நடந்துவரும் பிள்ளைகள் சிலர் தவணைப் பரீட்சைக்குச் சமுகமளிக்க இயலாது போவதுண்டு. மாணவி ஒருத்தி மூன்று பாடங்களில் 60, 70, 80 புள்ளிகள் பெற்றாள். நான்காம் பாடத்துக்கு வரவில்லை. அதற்கு 'ஏபி' எனப் பதிந்தோம். எழுதிய பாடங்களின் சராசரி 70. யான் எழுதிய செய்நிரலோ 52.5 என்றது. 'ஏபி' என்னும் சரத்தை எண்ணாகிய பூச்சியத்தோடு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தேன். அக்காலப் பதிப்பு, எண்ணல்லாத சரத்தைப் பூச்சியமாக மாற்றி, இரண்டும் சமம் எனக் கொண்டது. "சேர், நான் எழுதவே இல்லையே, பூச்சியம் எப்படி வந்தது?" என்று அப்பிள்ளை வினாவியபோதே பிழை புலனாயிற்று.

2020 நவம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்பில் இவ்வொப்பீடு திருத்தப்பட்டது; அங்கு 'ஏபி' பூச்சியத்துக்குச் சமமன்று. ஆயினும் புள்ளி பதியப்படாத வெறுமை, இரட்டைச் சமக்குறியின் முன் இன்றும் பூச்சியத்துக்குச் சமமே. மேலும், 'எம்ப்டி' என்னும் சோதனை பூச்சியத்தையும் வெற்றிடம் என்றே கூறும். அதனை நம்பின், பரீட்சை எழுதிப் பூச்சியம் பெற்றவன் வராதவனாகிவிடுவான். முன்னையது வராதவளைத் தோற்றவளாக்கியது. பின்னையது தோற்றவனை வராதவனாக்குகின்றது.

இவற்றுக்குப் பரிகாரம் யாது? முதலாவது, பெறுமானத்தோடு வகையையும் ஒப்பிடும் மும்மைச் சமக்குறியைக் கையாளுதல். இரண்டாவது, ஒழுங்காகச் சோதித்தல்: வெறுமையா என்று முதலிலும், 'ஏபி'யா என்று அடுத்தும், எண்வடிவினதா என்று 'இஸ்_நியூமெரிக்' கொண்டு பின்னரும் வினாவி, 0 முதல் 100 வரை அமைந்ததை மட்டும் எண்ணாக்குதல் வேண்டும். ஈண்டு 'இஸ்_இன்ட்' பயன்படாது. படிவத்தில் வந்த 60 சரமாதலின் அது 'அன்று' எனவே விடை கூறும். மூன்றாவது, ஐயம் தோன்றுமிடத்து 'வார்_டம்ப்' கொண்டு வகையையும் பெறுமானத்தையும் ஒருங்கே காணுதல். 2015இல் வந்த ஏழாம் பதிப்பு முதல், செயற்கூறுகள் ஏற்கும் எண், சரம் முதலியவற்றின் வகையைக் கண்டிப்பாகக் காக்குமாறு கோப்பின் தலைப்பிலேயே ஆணையிடவும் இயலும்.

பூச்சியம் ஒரு விடை, வெறுமை விடையின்மை. பூச்சியம் பெற்ற பிள்ளைக்கு நாம் மீண்டும் கற்பித்தல் வேண்டும். வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று வீடு தேடிச் சென்று வினாவுதல் வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் செய்நிரல், ஆசிரியன் செய்யவேண்டிய கடமையையே மாற்றிவிடுகின்றது. ஆதலின் மாறியின் வகையறிதல் கணினி அறிந்தார்க்கு மட்டுமன்றிப் புள்ளிப் பதிவேட்டைக் கையில் ஏந்தும் ஒவ்வோர் ஆசிரியர்க்கும் உரிய கடனாம்.